ஆசனமும் அடைக்கலமும்
(யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் போதனை நெறி பற்றிய சொற்பொழிவு)



நாமக்கல் மலை ஒரே பாறை. அதன் மேற்புறத்துக் குடைவரையில் நரசிம்மப் பெருமாள் வீற்றிருக்கிறார். கீழ்ப்புறத்துக் குடைவரையில் கார்க்கோடகன் மீது அரங்கநாதர் பள்ளி கொண்டிருக்கிறார். நரசிம்மர் சந்நிதிக்கு எதிரே, கூரையற்ற வெட்டவெளியில், 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். இருந்த கோலம், கிடந்த கோலம், நின்ற கோலம் ஆகிய மூன்றையும் ஒரு மலையடியிலேயே சேவிக்கும் பேறு இவ்வூராருக்கு வாய்த்திருக்கிறது. உடல் எந்நிலையில் இருப்பினும் அது பகவானுக்கு உரியதாய் இருத்தல் வேண்டும் என்பதே இக்கோலங்கள் உணர்த்தும் பாடம். அப்பாடத்தையே யோகமாகப் பயின்று, யோகமாகவே பிறர்க்கும் பயிற்றுவித்த ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

அவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் கன்னட நாட்டுச் சித்திரதுர்க்கத்தைச் சார்ந்த முசுகுந்தபுரத்தில் பிறந்தார். தந்தை ஸ்ரீநிவாச தாத்தாசாரியாரே அவருக்கு முதற் குரு. திவ்வியப் பிரபந்தத்தைத் தமிழுலகிற்கு மீட்டுத் தந்த நாதமுனிகளின் மரபினர் தாம் என்பது அக்குடும்பத்தாரின் நம்பிக்கை. காசி முதலிய இடங்களில் தரிசன நூல்களைக் கற்றபின், கயிலைப் பகுதியில் ராமமோகன பிரம்மசாரி என்பாரிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாக அவரே கூறுவது வழக்கம். விடைபெறும் வேளையில் குரு பொன்னும் பொருளும் கேட்டிலர். “இல்லறம் ஏற்று வாழ்க, யோகத்தை மக்களுக்குக் கற்பிக்க” என்பதே அவர் விரும்பிய தட்சிணை.

அத்தட்சிணையைச் செலுத்துவது எளிதாயிருக்கவில்லை. சாத்திரங்களில் துறைபோன அவ்வறிஞர் பிழைப்புக்காகக் காப்பித் தோட்டத்திலும் பணியாற்ற நேர்ந்தது. 1925இல் அவர் கைப்பிடித்த அம்மையாரின் பெயர் நாமகிரியம்மாள். இத்தலத்துத் தாயாரின் திருநாமம் அவ்வில்லத்தில் நாள்தோறும் ஒலித்தது என்று எண்ணும்போது நாமக்கல் அன்பர்களின் உள்ளம் குளிரும் அன்றோ!

பின்னர் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிட்டியது. 1933இல் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை தொடங்கிற்று. 1934இல் ‘யோக மகரந்தம்’ என்னும் நூல் கன்னடத்தில் வெளிவந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் யோகத்தைப் பரப்பிய பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் மைசூரில் அவரிடம் பயின்றவர்களே. அயல்நாட்டுப் பெண்மணியாகிய இந்திரா தேவிக்குக் கற்பிக்க அவர் முதலில் இசையவில்லை. மன்னர் வேண்டியபின் ஏற்றுக்கொண்டார். அவருடைய உறுதியைக் கண்டபின் மனமுவந்து கற்பித்தார்.

மைசூர்க் காலத்தில் அவர் கண்டிப்பு மிகுந்த ஆசானாகவே விளங்கினார் என்பதையும் மறைத்தல் தகாது. நாமகிரியம்மாளின் தம்பியே ஐயங்கார். முன்பயிற்சியின்றி அனுமானாசனம் செய்து காட்டும்படி ஆசிரியர் ஒருமுறை பணித்ததையும், அதனால் தொடைத் தசைநார் கிழிந்து நெடுநாள் துன்புற்றதையும் ஐயங்காரே சொல்லியிருக்கிறார். அனுமனின் தாவல் அனுமனுக்கு இயல்பு. ஆயத்தமில்லாத இளைஞனுக்கோ அது காயம். யோகம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் இருத்த வேண்டிய செய்தி இது.

1950 அளவில் யோகசாலை மூடப்பட்டது. வாத நோயால் கைகால் முடங்கிய சட்ட அறிஞர் ஒருவருக்கு உதவும் பொருட்டுச் சென்னைக்கு அழைக்கப்பெற்ற கிருஷ்ணமாச்சாரியார், 1952 முதல் அங்கேயே தங்கினார். மைசூரில் அவர் முன் நின்றவர் பெரும்பாலும் திடகாத்திரமான சிறுவர். சென்னையிலோ நோயாளிகளும், முதியோரும், கருவுற்ற தாய்மாரும், அலுவலில் களைத்தோரும் அவரை நாடினர். ஒவ்வொருவரையும் தனித்தனியே இருத்தி, நாடி பார்த்து, உணவும் உறக்கமும் தொழிலும் வினவியபின்னரே பயிற்சி வகுத்தார். மாணாக்கனுக்கேற்ப யோகத்தை அமைத்தல் வேண்டும். யோகத்திற்கேற்ப மாணாக்கனை வளைத்தல் ஆகாது என்பதே அவர் போதனையின் உயிர்நாடி.

வளரும் பருவத்தார்க்கு உடலுக்கு உரமூட்டும் சிருஷ்டிக் கிரமம். இல்லறத்தார்க்கு உள்ள நலத்தைக் காக்கும் ஸ்திதிக் கிரமம். முதுமையில் மனத்தைப் பரம்பொருளில் ஒடுக்கும் அந்தியக் கிரமம் என மூவகையாக அவர் பகுத்தார். தலைகீழாக நிற்றல் இளைஞனுக்கு நலம் பயக்கலாம். எழுபது வயதினர்க்கு நாற்காலியில் அமர்ந்து கையை மெல்ல உயர்த்துவதே நிறைந்த ஆசனமாகலாம்.

எந்த ஆசனமாயினும் மூச்சோடு இசைந்தே நிகழ வேண்டும் என்பது அவருடைய மாறாத விதி. மூச்சு குலைந்தால் ஆசனம் குலைந்தது என்றே பொருள். இத்தலத்து ஆஞ்சநேயர் வாயு மைந்தர். ஆற்றலுக்கெல்லாம் ஊற்றாகிய அவர் அதனைக் காட்டி நிற்கவில்லை. அடங்கிக் கைகூப்பி நிற்கிறார். கிருஷ்ணமாச்சாரியாரும் மூச்சின் பயனைச் சரணாகதியில் கண்டார். உள்ளிழுக்கும் மூச்சில் இறையருளை ஏற்றலும், வெளிவிடும் மூச்சில் தன்னை ஒப்புவித்தலுமே அவர் கருத்து. நெற்றியில் திருமண் துலங்கிய வைணவராயினும், தம் தெய்வத்தை மாணாக்கர்மீது அவர் சுமத்தியதில்லை. அவரவர் இஷ்ட தெய்வத்தையே தியானிக்கச் செய்தார்.

நாடித் துடிப்பை அடக்கிக் காட்டும் வல்லமை அவரிடம் இருந்தது. 1930களில் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் கருவிகொண்டு அதனைச் சோதித்ததும் உண்டு. ஆயினும் மகனார் தேசிகாச்சார் அவ்வித்தையைக் கேட்டபோது, அகந்தையை வளர்ப்பதன்றி உலகுக்குப் பயனற்றது அது என்று கூறி மறுத்துவிட்டார். நோயாளியின் வலியைக் குறைக்கும் எளிய பயிற்சியையோ கேட்டவர்க்கெல்லாம் வழங்கினார். பொறியியல் கற்ற அம்மகனாரே 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார்.

தொண்ணூற்றாறாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது, அறுவை சிகிச்சையை விரும்பாது, படுக்கையில் இருந்தபடியே தமக்கேற்ற பயிற்சியைத் தாமே வகுத்துக்கொண்டார். பிறர்க்குச் சொன்ன நெறியைத் தமக்கும் விதித்துக்கொண்ட உண்மை அது. நூறாண்டு நிறைந்தபின், 1989 பிப்ரவரி 28ஆம் நாள் பரமபதம் எய்தினார்.

அன்பர்களே! குடமுழுக்கில் கும்பமே இறைவன் திருமேனி. அதன்மேல் சுற்றிய நூலை நாடிகளாகவும், உள்ளிருக்கும் நீரைக் குருதியாகவும், மந்திரத்தை உயிராகவும் பாவிப்பர். மூச்சை நிறுத்தும் கும்பகம் என்னும் பெயரும் கும்பத்தினின்றே பிறந்தது. கல்லாலான ஆலயத்தைப் புதுக்கப் பொருள் ஈந்த பெருமக்கள், ஊனாலான ஆலயத்தையும் பேணக் கடமைப்பட்டவர்கள். அதற்கு அரிய வித்தை ஏதும் வேண்டுவதில்லை. நாள்தோறும் விடியலில் சிறிது நேரம், வயதுக்கும் வலிமைக்கும் ஒத்த ஆசனம், சீரான மூச்சு, இறுதியில் கூப்பிய கை, இவை போதும்.

நாமகிரித் தாயாரும் நரசிம்மப் பெருமாளும் அனைவர்க்கும் உடல் நலமும் உள்ளத் தெளிவும் அருள்வார்களாக! சுபம்.