ஓசையற்ற கட்டைகள்

வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்கள் சிலவற்றில் கணிப்பொறியோடு இணைந்த மிடி விசைப்பலகை இடம்பெற்றுவிட்டது. அதன் கட்டைகளில் ஒலி இல்லை. எக்கட்டை, எவ்வளவு வேகத்தோடு அழுத்தப்பட்டது, எப்போது விடுபட்டது என்னும் செய்தியையே அது அனுப்புகிறது. 1983-இல் வகுக்கப்பட்ட முறை இது. குழலோ வயலினோ, நாதம் தருவது கணிப்பொறியிலுள்ள மென்பொருளே.

ஆனால், அசையாத கட்டையில் கமகம் பிறப்பதில்லை. ஆர்மோனியத்திற்கும் இக்குறை உண்டு. அதுவும் ஒரு காரணமாகவே 1940-இல் வானொலி அதனை விலக்கியது. 1971-இல் தடை தளர்ந்தது. மிடி பலகையிலோ சுருதியை வளைக்கும் சக்கரம் பெரும்பாலும் இடப்புறம் உண்டு. வலக்கை ஸ்வரத்தைத் தொட, இடக்கை அதனை அசைக்கலாம். எவ்வளவு அசைப்பது என்பதைப் பாடிப் பழகிய செவியே அறியும். ஆகவே, நம் பிள்ளைகளுக்கு முதலில் பாட்டைக் கற்பிப்போம். பின்னர் பலகையைத் தருவோம்.