செய்தி அறிவிக்கும் பேச்சு

(செண்பகத்தோப்பில் நடைபெற்ற பேச்சுப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



காலையில் இம்மரத்தடியில் இரு பேச்சுகள் கேட்டோம். முதலில் பேசிய தம்பி இவ்வனத்தின் எழிலை அடுக்குமொழியில் வருணித்தார். இனிமையாகத்தான் இருந்தது. ஆயினும், குற்றாலத்தில் பேசினாலும் கொடைக்கானலில் பேசினாலும் அப்பேச்சு பொருந்தியிருக்கும். அடுத்து வந்த தங்கை, இங்கு வாழும் சாம்பல் நிற அணிலைப் பற்றி நான்கே நிமிடம் பேசினார். அது தரைக்கு இறங்குவது அரிது. ஒரு மரத்தின் கிளை மறுமரத்தைத் தொடும் இடத்திலே கூடு கட்டும். பகை வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். ஆதலால் இடையில் ஒரு மரத்தை வெட்டினாலும் அதன் பாதை அறுந்துபோகும் என்றார். அதனைக் காக்கவே 1988இல் இது சரணாலயமாயிற்று என்றும், 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது என்றும் முடித்தார். நாம் அனைவரும் நம்மை அறியாமலே மேலே பார்த்தோம். கிளைகள் எங்கே தொடுகின்றன எனத் தேடினோம். செய்தி அறிவிக்கும் பேச்சு என்பது அதுவே.

நம்மிடையே உணர்ச்சியூட்டும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. செய்தியைத் திருத்தமாகச் சொல்வோரே குறைவு. ஊருக்குச் செய்தி அறிவிக்கப் பறை அறைந்தவர்கள் நம்மவரில் ஒரு சாரார். ஆனால் அறைந்த செய்தி அவர்களுடையதாய் இருந்ததில்லை. அது நிற்க.

நம் பிழை ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்பில், கல்லூரி மாணவர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகை பற்றிப் பேச நம்மை அழைத்தார்கள். ஒரு மணி நேரம் முழங்கினோம். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1944இல் அத்திட்டம் தொடங்கிய வரலாற்றை விரித்துரைத்தோம். கைதட்டல் ஓயவில்லை. சாதிச் சான்றோடு வருமானச் சான்றும் இணைக்க வேண்டும் என்பதைச் சொல்ல மட்டும் மறந்தோம்.

சில வாரங்கள் சென்றன. ஒரு தாய் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகளின் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கெடு நாளும் கடந்துவிட்டது. “அம்புட்டு நேரம் பேசுனீகளே ஐயா, இதைச் சொல்லலையே” என்றார். அவர் குரலில் கோபமில்லை. அந்த ஆண்டு அப்பெண் தீப்பெட்டி ஆலைக்குச் சென்றாள். அன்றைய கைதட்டலை நினைத்தால் இன்றும் நமக்குக் கூசுகிறது.

அண்ணலின் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930 நவம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில், நம் இரட்டைமலை சீனிவாசனாரும் பிரதிநிதியாக இருந்த அவையில் அவர் எழுந்தார். தாம் 4 கோடியே 30 லட்சம் மக்களுக்காகப் பேசுவதாகச் சொன்னார். அவ்வெண் ஆங்கிலேயர் மனத்தில் பதியுமா? அது இங்கிலாந்து அல்லது பிரான்சின் மக்கள்தொகைக்கு ஈடு என்று உடனே சேர்த்துச் சொன்னார். பின், வெள்ளையர் வருமுன் ஊர்க் கிணற்றில் எங்களுக்குத் தண்ணீர் இல்லை, வந்தபின் கிடைத்ததா என்று கேட்டார். கோயிலைப் பற்றியும் அவ்வாறே கேட்டார். கேட்போர் அறிந்ததைப் பற்றிக்கொண்டு அறியாததற்கு அவர்களை நடத்திச் சென்றார். சினம் அவருக்கு இல்லாமலா இருந்தது? எண்ணையும் கிணற்றையும் முன்னே நிறுத்தி, சினத்தைப் பின்னே நிற்க வைத்தார்.

நீங்களும் அரசு ஆணையையோ விதியையோ பற்றிப் பேசுமுன், அலுவலகத்துக்கு நேரில் சென்று கேட்டு வாருங்கள். சென்ற ஆண்டு விதி இவ்வாண்டு மாறியிருக்கலாம். கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு விடை தெரியாவிட்டால், “அறிந்து வந்து சொல்கிறேன்” என்பதில் இழுக்கில்லை. ஊகித்துச் சொல்வதில்தான் இழுக்கு உண்டு. அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

உணவுக்குப் பின் ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் பேச வேண்டும். பொருள், வருமானச் சான்று பெறும் வழி. பேசி முடித்ததும், கேட்டிருந்தவர்களில் ஒருவரை எழுப்பி, எங்கே செல்வது, எதை எடுத்துச் செல்வது, எந்நாளுக்குள் செல்வது என்று கேட்போம். அவர் தடுமாறினால் குறை அவருடையதன்று. பேசியவரே மறுபடியும் மேடையேற வேண்டும். முதலில் நாமே பேசுகிறோம்.