முன்கண்ணாடி விரிசல்: கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இன்னைக்கு எபிசோட்ல கார் முன்கண்ணாடி பத்திப் பேசப்போறோம். விரிசல் விட்டா குறைஞ்ச செலவுல எப்படிச் சரிபண்றது, எந்த இடத்துல செலவைக் குறைக்கவே கூடாதுங்கறதுதான் விஷயம்.

முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன். போன மே மாசம் திண்டிவனம் பக்கம் போயிட்டிருந்தப்போ, முன்னால போன டிப்பர் லாரியிலேர்ந்து ஒரு ஜல்லி தெறிச்சு கண்ணாடியில அடிச்சுது. பட்டாணி அளவுக்கு ஒரு சின்னக் காயம். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு பத்து நாள் விட்டுட்டேன். ஒருநாள் மத்தியானம் வெயில்ல நின்ன வண்டியில ஏறி ஏசியை முழு வேகத்துல வச்சேன். என் கண் முன்னாடியே அந்தப் புள்ளியிலேர்ந்து ஓரம் வரைக்கும் ஒரு கோடு ஓடிடுச்சு. கண்ணாடியையே மாத்த வேண்டியதாப் போச்சு.

ஏன் அப்படி ஆச்சு? முன்கண்ணாடிங்கறது ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல பிவிபிங்கற பிளாஸ்டிக் படலம். அதனாலதான் அடிபட்டாலும் நொறுங்கிக் கொட்டாம நிக்குது. வெளித்தகடு வெயில்ல கொதிக்கிறப்போ உள்ளே திடீர்னு குளிர்ந்தா, பலவீனமான இடத்துலேர்ந்து விரிசல் நீளும். கொதிக்கிற கண்ணாடியில பச்சைத் தண்ணி ஊத்தினாலும் இதே கதிதான்.

காயம் சின்னதா இருக்கும்போதே போனா மாத்தத் தேவையில்ல. உள்ளே இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, ரெசின் செலுத்தி, புறஊதா விளக்குல இறுக வைப்பாங்க. அரைமணி, ஒரு மணி நேர வேலை. மாத்துற செலவுல சின்னப் பங்குதான் ஆகும். லேசா ஒரு தடம் தெரியலாம், ஆனா விரிசல் பரவாது. பொதுவா காயம் ரூபாய் நாணயத்தைவிடப் பெருசா இருந்தாலோ, டிரைவர் பார்வைக்கு நேரா இருந்தாலோ, கண்ணாடி ஓரத்துல இருந்தாலோ ரிப்பேர் வேண்டாம்னுடுவாங்க. பட்டறைக்குப் போற வரைக்கும் அது மேல செலோடேப் ஒட்டி வைங்க. தூசியும் தண்ணியும் உள்ளே போனா ரெசின் சரியாப் பிடிக்காது.

சரி, மாத்தியே ஆகணும்னா? எல்லாரும் உடனே "இன்சூரன்ஸ் இருக்கே"னு சொல்லுவாங்க. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா இதுக்குக் காசு வராது. முழு பாலிசியில கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்க, ஆனா ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி கழிப்பாங்க. அதுக்கு மேல 1500 சிசி வரைக்குமான காருக்கு 1,000 ரூபாய், அதைத் தாண்டினா 2,000 ரூபாய் நம்ம கையிலேர்ந்து போகும்.

இங்கதான் நோ கிளெய்ம் போனஸ் கணக்கைப் போடணும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம்னு வச்சுக்குவோம். கண்ணாடி பில் 7,000. கிளெய்ம் போட்டா கிட்டத்தட்ட 6,000 கிடைக்கும். ஆனா அடுத்த புதுப்பிப்புல போனஸ் பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45னு ஏறி மறுபடி 50-ஐத் தொடணும். இடையில இழக்கிறது 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500 ரூபாய்! ஆறாயிரம் வாங்க பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை விடுறோம்.

அப்போ கிளெய்மே போடக் கூடாதான்னு கேட்டா, அப்படி இல்ல. இன்னும் போனஸ் சேரலைன்னாலும், போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், கேமரா வச்ச விலை கூடுன கண்ணாடின்னாலும் போடலாம். ஆனா கண்ணாடியைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கம்பெனிக்குத் தகவல் சொல்லிடுங்க. ரெசின் ரிப்பேருக்கு போனஸ் குறையுமான்னும் கேட்டு வைங்க.

கைக்காசு போடுறதா இருந்தா, ஷோரூம்ல ஒரு விலை, கார் கண்ணாடி மட்டும் விக்கிற கடைகள் ரெண்டுல ஒரு விலை கேளுங்க. செயின்ட் கோபைன், ஆசாஹி இந்தியா மாதிரி கார் கம்பெனிகளுக்கே சப்ளை பண்றவங்க கண்ணாடி வெளிச்சந்தையிலயும் கிடைக்குது. கார் கம்பெனி முத்திரை இல்லாததை எடுத்தா விலை குறையலாம். மூலையில ஐஎஸ் 2553, ஐஎஸ்ஐ குறி இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

பசையில மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. பல கார்ல, முன்சீட்டுப் பயணியோட ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியிலதான் முட்டி நிக்கும். கண்ணாடி பிடுங்கிக்கிட்டா பை இருந்தும் பிரயோஜனம் இல்ல. நல்ல யூரித்தேன் பசை போடச் சொல்லுங்க, எத்தனை மணி நேரம் கழிச்சு எடுக்கலாம்னு கேட்டு அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. கண்ணாடி மேல கேமரா இருந்தா அதைத் திரும்ப அளவு சரிபண்ணவும் சொல்லணும்.

கடைசியா ஒண்ணு. பழைய கண்ணாடியோட ஃபாஸ்டேகும் போயிடும், உரிச்சு ஒட்டினா வேலை செய்யாது. பேங்க்ல மாற்று டேகுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க. இல்லைன்னா டோல்ல மாட்டிப்பீங்க.

இன்னைக்கு வண்டியை எடுக்கும்போது கண்ணாடியை ஒரு தரம் நல்லாப் பாருங்க. புள்ளி ஏதாவது தெரிஞ்சா இந்த வாரமே பட்டறைக்குப் போயிடுங்க.