கதண்டு: ஒரு சின்னத் தோட்டாவின் கதை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன அத்தியாயத்துல, குளிர்காலத்துல ஒரு ஆட்டுப் பண்ணைக்கு நரி சுடப் போவேன்னு போற போக்குல சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "என்ன துப்பாக்கி? என்ன தோட்டா?" சரி, இன்னைக்கு முழுக்க அதைப் பத்தியே பேசிடலாம். துப்பாக்கியைவிடத் தோட்டாவைப் பத்தித்தான் அதிகம் பேசப் போறேன். ஏன்னா, நான் பயன்படுத்துற தோட்டா இப்போ கடைக்காரங்களே மறந்துபோன ஒண்ணு.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். நான் இருக்கிறது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில். இங்கே முயலும் நரியும் இந்த மண்ணோட விலங்குகள் இல்லை. 1859ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த முயல்களை, சுட்டு விளையாடுவதற்காகத் தன்னுடைய பார்வன் பார்க் பண்ணையில் அவிழ்த்துவிட்டார். அதன் விளைவை இந்த நாடு இன்னும் அனுபவிக்குது. செந்நரியையும் இதே மாதிரி வேட்டைப் பொழுதுபோக்குக்காகத்தான் கொண்டுவந்தாங்க. இங்கே இரண்டுமே பண்ணைக்கும் காட்டுயிருக்கும் கேடு. நம்ம ஊர்ல நிலைமை அப்படியே தலைகீழ். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போ விளையாட்டு வேட்டைக்கு இடமே கிடையாது. நரியும் காக்கப்பட வேண்டிய விலங்குதான். அதனால நான் சொல்றதை ஊர்ல போய் யாரும் பரீட்சை பண்ணிப் பார்க்க வேண்டாம்.

பேர் எப்படி வந்தது

வேட்டைன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் ஞாபகம்தான் வரும். ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். அதோட குண்டு 300 கிரெய்ன் எடை. பதினைந்து கிரெய்ன் சேர்ந்தா கிட்டத்தட்ட ஒரு கிராம்னு வச்சுக்கோங்க. அப்போ ஒரு குண்டே ஏறக்குறைய 20 கிராம். என்னோட தோட்டாவில் இருக்கிற குண்டு 45 கிரெய்ன், மூன்று கிராம்கூட முழுசா இல்லை. ஆண்டர்சனோட ஒரு குண்டு இருந்தா என்னோடது ஆறு செய்துட்டு மிச்சமும் இருக்கும்.

அதுக்குப் பேர் .22 ஹார்னெட். ஹார்னெட்னா நம்ம ஊர்க் கதண்டு. பனைமரத்துல கூடு கட்டுமே, கொட்டினா ஆளைச் சாய்ச்சிடுமே, அதேதான். உருவம் சின்னது, கொட்டு பெருசு. பேர் வச்சவங்க சும்மா வைக்கலை.

1885ல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்த ஒரு பழைய கருமருந்துத் தோட்டாதான் இதுக்கு மூலம். 1920களில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலை வட்டாரத்தில் டவுன்சென்ட் வீலன், குரோவ்னர் வாட்கின்ஸ் மாதிரி சிலர் அந்தக் கூட்டையே எடுத்து, புகையில்லா மருந்து நிரப்பி, வேகத்தைக் கூட்டிப் பார்த்தாங்க. நல்லா வேலை செய்தது. 1930ல் வின்செஸ்டர் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, அதைப் போட்டுச் சுடத் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியே கிடையாது. தோட்டா முதல்ல, துப்பாக்கி பின்னாடி. பிறகு அமெரிக்க விமானப்படைகூட, விபத்தில் காட்டில் மாட்டிக்கொள்ளும் விமானிகள் சின்ன விலங்குகளைச் சுட்டுச் சாப்பிட்டு உயிர் பிழைக்கட்டும்னு, எம்4, எம்6 என்ற மடக்குத் துப்பாக்கிகளை இந்தத் தோட்டாவுக்குச் செய்து வைத்தது.

1950ல் .222 ரெமிங்டன் வந்தது. 1960களில் .223 வந்தது. ராணுவமும் அதே அளவை எடுத்துக்கிட்டதால .223 உலகம் முழுக்கப் பரவிடுச்சு. ஹார்னெட் ஓரமா ஒதுங்கிடுச்சு. இன்னைக்குக் கடையில் கேட்டா, ".223 எடுத்துக்கோங்களேன்"னுதான் முதல்ல சொல்லுவாங்க.

கொஞ்சம் கணக்கு

சாதாரண .22 ரிம்ஃபயர் தோட்டா, அதாவது சின்ன வயசில் என்சிசி முகாமில் சிலர் சுட்டிருப்பீங்களே அது, குழல் வாயில் 150லிருந்து 190 ஜூல் வரைக்கும் ஆற்றல் தரும். ஹார்னெட் 45 கிரெய்ன் குண்டை நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஆற்றல் கிட்டத்தட்ட 980 ஜூல். .223 என்றால் 1,700 ஜூலைத் தாண்டும். அதாவது, ரிம்ஃபயரைவிட ஐந்து மடங்கு; .223ல் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இந்த நடு இடம்தான் ஹார்னெட்டோட இடம்.

நரி எவ்வளவு எடை இருக்கும்? ஐந்து, ஆறு கிலோ. அதுக்கு 1,700 ஜூல் தேவையே இல்லை. ஆனா 150 ஜூல் போதாது, குறிப்பா 60 மீட்டரைத் தாண்டினா. ரிம்ஃபயரை வச்சுக்கிட்டு நரியைத் தூரத்துல சுடறவங்களை நான் பார்த்திருக்கேன். அடிபட்டு ஓடிப்போற நரிதான் அதிகம்.

எனக்குப் பிடித்த நாலு காரணம்

முதல் காரணம் சத்தம். நான் போற பண்ணையில் ஆடுகள் ஜூன், ஜூலையில் குட்டி போடும். நரி வர்றதும் அப்போதான். நிறைசினை ஆடுகள் நிற்கிற மேய்ச்சல் நிலத்துப் பக்கத்துல .223 வெடிச்சா மந்தையே கலைஞ்சு ஓடும். பக்கத்துப் பண்ணை வீட்லயும் விளக்கு எரியும். விக்டோரியாவில் சத்தத்தை அடக்கும் சைலன்சரைச் சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ள முடியாது. ஹார்னெட்டோட கூட்டில் போடுற மருந்து .223ல் போடுறதில் பாதிதான். காதுக் கவசம் இதுக்கும் வேணும், அதுல சந்தேகமில்லை. ஆனா வெடிக்கும் சத்தத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இரண்டாவது, உதைப்பு. தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஸ்கோப் இலக்கை விட்டு நகராது. குண்டு எங்கே பட்டது, விலங்கு விழுந்ததா ஓடியதான்னு என் கண்ணாலயே பார்க்க முடியும். இருட்டில் ஒளிவிளக்கோட சுடும்போது இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, குண்டு உடையும் தன்மை. ரிம்ஃபயரோட ஈயக் குண்டு கல்லிலோ இறுகின மண்ணிலோ பட்டா தெறிச்சு வேற திசையில் போகும். ஹார்னெட்டோட மெல்லிய, லேசான குண்டு இந்த வேகத்தில் எதிலாவது பட்டவுடனே பெரும்பாலும் சிதறிடும். அதுக்காகப் பின்னாடி மண்மேடு இல்லாத இடத்தில் சுடலாம்னு அர்த்தமில்லை. பின்னாடி என்ன இருக்குன்னு தெரியலைன்னா விரலை விசையில் வைக்கவே கூடாது.

நாலாவது, துப்பாக்கியே சின்னது. என்கிட்ட இருக்கிறது செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பழைய ப்ர்னோ. பெரிய மௌசர் பூட்டுத் துப்பாக்கியைச் சுருக்கிச் செய்த மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்தாலும் பாரம் தெரியாது.

குறைகளையும் சொல்லணும்

ஒரு தோட்டாவைப் புகழ்ந்து மட்டும் பேசினா அது விளம்பரம். அதனால இதையும் கேளுங்க.

கூடு ரொம்ப மெல்லிசான பித்தளை. வெடிச்ச கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துறவங்களுக்குத் தெரியும். கொஞ்சம் அழுத்தினாலே கழுத்து நசுங்கிடும். கடைத் தோட்டாவும் .223ஐவிட விலை அதிகமா இருக்கும் பல நேரம். கோடிக்கணக்கில் செய்யறதுதானே மலிவாக் கிடைக்கும்.

பழைய ஹார்னெட் குழல்களில் உள்முறுக்கு ரொம்ப மெதுவானது, 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதனால நீளமான, கனமான குண்டு அதில் நிலையாப் பறக்காது. 35லிருந்து 45 கிரெய்ன்தான் அதோட உணவு.

லேசான குண்டு காத்துக்கு அடங்கும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடிச்சா 100 மீட்டரில் அரைச் சாண் தள்ளும். 200 மீட்டரில் ஒரு முழத்துக்குக் குறையாது. 100 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தா, 200 மீட்டரில் குண்டு ஒரு சாணுக்கு மேல கீழே இறங்கியிருக்கும். கிளம்பின ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட அங்கே மிஞ்சாது.

மானுக்கு இது ஆகவே ஆகாது. விக்டோரியாவில் ஃபேலோ மானுக்கே .243 அளவுக்குக் குறையக் கூடாது. ஜெர்மனியில் சின்ன ரோ மானுக்குக்கூட 100 மீட்டரில் 1,000 ஜூல் இருக்கணும்னு சட்டம். ஹார்னெட்டுக்குக் குழல் வாயிலயே அது கிடையாது. இந்தச் சட்டங்கள் துப்பாக்கிக்காரனுக்குத் தொந்தரவு கொடுக்க வந்ததில்லை. விலங்கு துடிக்காம சாகணும்னு வந்தவை.

அந்த ஜூலை ராத்திரி

இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லித்தான் ஆகணும்.

பண்ணைக்காரருக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. அந்த ப்ர்னோ அவரோடது. அவர் கண் மங்கினப்புறம் எனக்கு வித்தார். உரிமம், வாங்கும் அனுமதி, பூட்டுப் பெட்டி எல்லாம் முடிஞ்சு கைக்கு வந்தப்போ அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "இது கிட்டத்துத் துப்பாக்கி. நரியை உன்கிட்ட வரவை."

முதல் குளிர்காலம் அப்படியே செய்தேன். தகரத்தை வளைத்துச் செய்த விசில் ஒண்ணு உண்டு. ஊதினா அடிபட்ட முயல் கத்துற மாதிரி இருக்கும். காத்துக்கு எதிரா உட்கார்ந்து, ஊதிட்டுக் காத்திருந்தா, நரி தானா வரும். 50 மீட்டர், 80 மீட்டர். ஒரு குண்டு, அத்தோட முடிஞ்சது. பதினோரு நரி. ஒண்ணுகூட ஓடலை. எனக்குத் தலைக்கனம் வந்துடுச்சு.

இரண்டாவது ஜூலையில், அன்னைக்கு முந்தின நாள்தான் மூன்று குட்டிகளைப் பறிகொடுத்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண் தெரிஞ்சுது. விசில் ஊதினேன். வரலை. நின்னு பார்த்துக்கிட்டே இருந்தது. தூரம் 130, 140 இருக்கும்னு மனசுக்குள்ள நினைச்சேன். காத்து இடப்பக்கமிருந்து. கொஞ்சம் மேலே பிடிச்சுச் சுட்டேன்.

குண்டு பட்ட சத்தம் கேட்டது. நரி விழலை. பின்னங்காலை இழுத்துக்கிட்டு பிளாக்பெர்ரி முள்புதருக்குள்ள போயிடுச்சு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் டார்ச்சை வச்சுத் தேடினோம். அவரும் கூடவே, முட்டி வலியோட. கிடைக்கலை. அவர் ஒரு வார்த்தை பேசலை. விடிஞ்சதும் நான் தனியாப் போனேன். ஓடைக்கரையில் கிடந்தது. உயிர் இருந்தது. என்னைப் பார்த்துச்சு. அதை முடிச்சுவிட்டுட்டு, நான் சுட்ட இடத்திலிருந்து அது நின்ன இடம் வரைக்கும் எட்டு வச்சு அளந்தேன். 230 எட்டு.

திரும்பி வந்து, "இந்தத் தோட்டாவுக்குச் சக்தி பத்தலை, .223 வாங்கிடலாமான்னு பார்க்கறேன்"னு சொன்னேன். அவர் டீ ஊத்திக்கிட்டே கேட்டார்: "அது எவ்வளவு தூரம் போகும்னு உனக்குத் தெரியும்தானே?" தெரியும்னேன். "அப்போ தோட்டா மேல என்ன தப்பு?"

எனக்குப் பதில் இல்லை. .223 இருந்திருந்தா அன்னைக்கு அந்த நரி ஒருவேளை விழுந்திருக்கும். ஆனா என்னை எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் 350 மீட்டரில் தெரியுற கண்ணைப் பார்த்து, அதையும் சுட்டிருப்பேன். தூரத்தைக் கண்ணால அளந்தவன் நான்தான், காத்தை அலட்சியப்படுத்தினவனும் நான்தான்.

அதுக்கப்புறம் ஒரு விதி வச்சுக்கிட்டேன். 120 மீட்டருக்கு மேல சுடறதில்லை. தூரம் அளக்கும் கருவி இல்லாம கிளம்பறதில்லை. நரி வரலைன்னா, அன்னைக்கு அது பிழைச்சுப் போகட்டும். மறுநாள் காத்து பார்த்து வேற பக்கம் உட்காருவேன். இப்படி வெறுங்கையோட வந்த ராத்திரிகள் நிறைய. ஆனா அடிபட்டு ஓடின நரி அதுக்கப்புறம் இல்லை. ஹார்னெட்டோட பெரிய நன்மை எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். தூரத்திலிருந்து சுடும் ஆசையை அது எனக்குக் கொடுக்கறதில்லை.

என் அம்மா போன்ல ஒருமுறை கேட்டாங்க, "ஏன்டா, பாவமில்லையா அது?"ன்னு. குட்டி பறிகொடுத்த ஆடு விடிய விடியக் கத்துறதைச் சொன்னேன். "அதுவும் பாவம்தான், இதுவும் பாவம்தான்"னாங்க. அதுக்கு மேல எனக்கும் தெரியலை. செய்துதான் ஆகணும்னா, அது ஒரே நொடியில் முடியணும். அந்த அளவு பொறுப்பு நம்ம கையில இருக்கு.

சரி நண்பர்களே, இன்னைக்கு இவ்வளவுதான். உங்கள் கேள்விகளை வழக்கம்போல எழுதி அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்தில் அந்தத் தகர விசிலைப் பத்திப் பேசலாம். ஊதியும் காட்டறேன். வீட்ல நாய் வச்சிருக்கிறவங்க அப்போ ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.