பள்ளிகளை ஒப்பிடுதல்

ஒரே கல்விச் சங்கத்தின்கீழ் நடைபெறும் தனியார் உயர்நிலைப் பள்ளிகளுள் எது சிறந்தது என்று காண்பது எங்ஙனம்? புதுக்கோட்டை மாவட்டத்தில் அத்தகைய பள்ளியொன்றில் தலைமையாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் இதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதமும் கரும்பலகையில் எழுதப்பெறும். ஓராண்டு என் பள்ளிக்கு நேராக 100 என்று எழுதினர். 40 பேர் தேர்வெழுதி 40 பேரும் தேறியிருந்தனர். பக்கத்து ஊர்ப் பள்ளியில் 62 பேருள் 55 பேர். நூற்றுக்கு 89கூட இல்லை. எனக்குச் சால்வை போர்த்தினர்.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் எத்தனை பேர் இருந்தனர் என்று அன்று எவரும் கேட்கவில்லை. இருந்தவர் 47 பேர். அவர்களுள் எழுவருக்குத் தேர்ச்சி என்று எழுதி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பியவன் நானே. அந்த எழுவருள் நால்வரைப் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார், மூவர் தேறிவிட்டனர்! அவரோ தம் மாணவர் ஒருவரையும் அனுப்பியவரல்லர். ஒன்பதாம் வகுப்பின் எண்ணிக்கையைப் பகுதியாக வைத்துப் பாருங்கள். எனக்கு 47க்கு 40, நூற்றுக்கு 85; அவருக்கு 58க்கு 52, நூற்றுக்கு ஏறத்தாழ 90. எஞ்சிய மூன்று பிள்ளைகள் எங்குச் சென்றனர் என்பதை நான் விசாரிக்கவேயில்லை.

2017ஆம் ஆண்டு முதல், பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலைத் தமிழக அரசு வெளியிடுவதில்லை. நல்ல காரியம். ஆயினும் நூறு என்னும் எண்ணின்மீது பள்ளிகளுக்குள்ள மோகம் அதனால் தணிந்துவிடவில்லை.

ஒரு பள்ளியை அறிய விரும்புவோர் அதன் வாயிலில் நின்று, யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை வெளியே அனுப்புகிறார்கள் என்று நோக்குதல் வேண்டும். நமது புதுக்கோட்டையில், ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்த காலம் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடமளித்தார். அந்தப் பெண்ணே 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

மறு ஆண்டுக் கூட்டத்தில், ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கைக்கும் கரும்பலகையில் ஒரு கட்டம் வரையுமாறு நானே எழுந்து கேட்டேன். சிலர் முகம் சுளித்தனர்; வரைந்தார்கள். என் பள்ளி மூன்றாம் இடத்திற்கு இறங்கிற்று.