இரு சக்கரத்தில் நெடும்பயணம்



முப்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளிடம் "மெல்லப் போ" என்று சொல்லியே பழகிய ஒருவன், மோட்டார் சைக்கிள் ஓட்டும் இன்பத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் அது வியப்புத்தான். அதற்குக் காரணமானவன் என் தமக்கையின் மகன்.

அவன் தென் ஜேர்மனியிலே தொழில் பார்க்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் நான் அவனிடம் புறப்பட்டபோது, தமக்கை என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தாள். "தம்பி, நீ சொன்னால் அவன் கேட்பான். அந்த மோட்டார் சைக்கிளை விற்கச் சொல்லிவிட்டு வா" என்றாள். முன்னொரு முறை ஈரத் தெருவிலே விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டவன் அவன். தாயின் அச்சத்திலே நியாயம் இருந்தது. சொல்ல வேண்டிய புத்திமதிகளை மனத்திலே ஒழுங்குபடுத்திக்கொண்டே விமானம் ஏறினேன்.

அவனிடம் இருந்தது பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். என்னும் பழைய வண்டி. 1976ஆம் ஆண்டு வெளிவந்த வகை. 980 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 70 குதிரைவலுவும் உடையது. இரண்டு உருளைகள் இருபுறமும் கைகளை நீட்டியதுபோலக் கிடக்கும். சங்கிலிக்குப் பதிலாக ஒரு சுழல்தண்டே பின்சக்கரத்தை இயக்கும்.

பந்தயத்துக்கென்று அமைந்த வண்டியில் ஓட்டுபவர் குனிந்து, உடற்பாரத்தை மணிக்கட்டிலே தாங்குவார். நெடுந்தூரத்துக்கு அது ஒத்துவராது. பயணத்துக்கென்று அமைந்த பெரிய வண்டியோ வசதியானது. ஆனால் வளைவுகளிலே அதன் பாரம் தெரியும். இவ்விரண்டின் நற்குணங்களையும் ஒன்றாக்க முயன்றதன் பயனே இத்தகைய வண்டி. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்தக் காற்றை ஓட்டுபவரின் மார்பிலே மோதவிடாமல் விலக்கும் முகப்புக் கவசத்தை ஹன்ஸ் மூத் என்பவர் வடிவமைத்தார். இத்தாலியிலுள்ள பினின்பரீனா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்திலே அது சோதித்துச் செப்பனிடப்பட்டது.

"மாமா, ஒருமுறை பின்னால் ஏறி வந்து பாருங்கள். அதன் பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்" என்றான் மருமகன். தலைக்கவசமும் கையுறையும் தடித்த மேலங்கியும் அணிவித்து, ஒரேயொரு விதியையும் கற்பித்தான். "வளைவிலே நான் சாயும்போது நீங்களும் சாயுங்கள். பயந்து எதிர்ப்புறம் சாய்ந்துவிடாதீர்கள்."

நாங்கள் சென்றது இத்தாலியின் வடக்கே, அல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்கு. அதன் உயரம் 2,757 மீற்றர். நமது பீதுருதலாகலையின் சிகரத்தையும்விட அது உயரமானது. ஆஸ்திரியப் பேரரசின் காலத்தில், 1820க்கும் 1825க்கும் இடையே, கார்லோ டொனெகானி என்னும் பொறியியலாளர் அமைத்த பாதை அது. வடகிழக்குப் பக்கத்திலே மட்டும் 48 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

முதற் சில வளைவுகளிலே கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் அவன் செய்வதைக் கவனித்தேன். அவன் முன்சக்கரத்தைப் பார்க்கவில்லை, பள்ளத்தையும் பார்க்கவில்லை. வளைவு முடியும் இடத்தையே பார்த்தான். அஞ்சுகிற பொருளையே உற்று நோக்கினால் வண்டியும் அதனிடமே செல்லும் என்று பின்னர் விளக்கினான். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்தான். வளைவைக் கடந்த பின்னரே கூட்டினான்.

இன்னொன்றும் சொன்னான். வேகமாகச் செல்லும்போது இடப்புறம் திரும்ப வேண்டுமானால், கைபிடியை ஒரு கணம் வலப்புறமாகத் திருப்ப வேண்டுமாம்; அப்போதுதான் வண்டி இடப்புறம் சாயும். நான் நம்பவில்லை. ஆனால் ஆகாய விமானம் கண்ட வில்பர் றைட், சைக்கிள் செய்பவராக இருந்தபோதே இதை அறிந்திருந்தார். இடப்புறம் எவ்வாறு திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிளோட்டிகளிடம் அவர் வினவினார். எவராலும் முதலிலே சரியாக விடை கூற முடியவில்லையாம். உடல் அறிந்ததை அறிவு அறியாதிருப்பது எத்தனை விந்தை!

பைன் மரங்களின் வாசனை வந்து போயிற்று. காற்று குளிர்ந்தது. பனிமூடிய சிகரங்கள் ஒரு வளைவிலே இடப்புறமும் அடுத்த வளைவிலே வலப்புறமும் தோன்றின. மோட்டார் காரிலே செல்பவர் கண்ணாடிக்குள் இருந்து மலையைப் பார்க்கிறார். நாங்களோ அந்த மலையின் காற்றுக்குள்ளேயே இருந்தோம். அடுத்த வளைவைத் தவிர வேறெந்த நினைவும் மனத்திலே இல்லை. நேர அட்டவணையோடும் கோவைகளோடும் காலம் கழித்த எனக்கு அது பெரிய ஓய்வாக இருந்தது.

உச்சிக்கு ஏழு வளைவுகளே மீதமிருந்தன. திடீரென ஆலங்கட்டி மழை தொடங்கியது. தெரு வெண்மையாகிவிட்டது. மருமகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "இன்னும் ஏழுதானே!" என்று நானே சொல்லிவிட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாமா, உச்சி நாளையும் இருக்கும்" என்றான். மழை ஓயும்வரை காத்திருந்து, மெல்லக் கீழே இறங்கினோம்.

அன்றிரவு தமக்கையோடு தொலைபேசியிலே பேசினேன். "சொன்னாயா?" என்று கேட்டாள். "சொல்லவில்லை, அக்கா" என்றேன். நடந்ததை எல்லாம் கூறினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மழை வந்ததும் அவனாகவேதான் நிறுத்தினானா?" என்று கேட்டாள். "அவனாகவே நிறுத்தினான். அவசரப்பட்டவன் நான்தான்" என்றேன்.

அவளுடைய அச்சம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். அது தீரத் தேவையுமில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் வண்டி ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 28 மீற்றரைக் கடந்துவிடும். எந்தத் தேர்ச்சியும் இந்தக் கணக்கை மாற்றாது. ஆயினும் இளைஞர்களிடம் "ஓட்டாதே" என்று மட்டும் சொல்லிவந்த நான், இப்போது "எங்கே நிறுத்துவாய் என்று சொல்" என்று கேட்கிறேன். அதற்குத் தெளிவாக விடை சொல்பவனுக்கே இந்த இன்பம் உரியதென்பது என் எண்ணம்.