கடைசி வரிசையில் யார் நிற்கிறார்கள்?



"ஒரு தன்பாலீர்ப்பாளர் எப்படிப் போதகர் ஆனார் என்று சொல்லுங்கள்" என்றுதான் என்னை அழைத்தார்கள். அதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் வரும். மீதிப் பாதி சாதி.

நான் தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் தலித் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் சபையில் யாரும் எழுதி வைக்காத ஒரு வரிசை இருந்தது. பெரிய தெருக்காரர்கள் முன்னால், நாங்கள் பின்னால். திருவிருந்துக் கிண்ணம் எங்களிடம் கடைசியாகத்தான் வரும். திடப்படுத்தல் முடிந்து முதன்முதலாகத் திருவிருந்து எடுத்த அன்று, ஏன் நாம் கடைசி என்று அம்மாவிடம் கேட்டேன். "கடைசில வந்தாலும் அதே ரசந்தாம்ல, குடி" என்றார்.

அப்பா இறந்தபோது அந்தப் பதிலும் போதவில்லை. கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் அப்பா.

இதே கிறித்தவத்தைக் காட்டித்தான் அரசும் எங்களை வெளியே நிறுத்தியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பெரும்பாலும் இந்துக்களுக்கே பட்டியல் சாதித் தகுதி தந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் போதகராக ஆசைப்பட்டேன். அந்தக் கிண்ணத்தை நானே எடுத்துக் கடைசி வரிசையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை. இறையியல் படிக்க விண்ணப்பித்தேன். என்னைப் பற்றி யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டார்கள். நேர்காணலில் ஒரே கேள்விதான்: "ஏன் தம்பி இன்னும் கல்யாணம் பண்ணல?" நான் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆவது பிரிவை மீண்டும் உயிர்ப்பித்தது. அடுத்த ஆண்டு மாணவர் விசாவில் டொராண்டோ போனேன்.

முதலில் ஒரு தமிழ்ச் சபைக்குப் போனேன். அன்பாகச் சோறு போட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு பெரியவர், "தம்பி எந்த ஊர்? அப்பா பேர் என்ன? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பழக்கம். பதில் சொன்ன பிறகு சோறு வந்தது, பேச்சு நின்றுவிட்டது.

கிடங்கு ஒன்றில் இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில், வாசலில் வானவில் கொடி கட்டிய தேவாலயம் ஒன்று இருந்தது. கனடா ஐக்கிய சபையைச் சேர்ந்தது. தன்பாலீர்ப்பாளர்களும் முழு உறுப்பினராகலாம், அருட்பணிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று அந்தச் சபை 1988இலேயே முடிவெடுத்தது. அது சும்மா வந்துவிடவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். முடிவு வந்ததும் பல சபைகள் கோபித்துக்கொண்டு வெளியேறின. 2012இல் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே சபைதான் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளை நடத்தியது. 1998இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. ஆக, எந்தக் கதவையும் பார்த்துக் கும்பிட்டுவிடக் கூடாது என்பதை அங்கேயும் கற்றேன்.

அருட்பணிக்கான தேர்வுக் குழு முன் உட்கார்ந்தேன். என் துணைவரைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். இத்தனை ஆண்டு பயந்த விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. "உங்கள் விசுவாசத்தை உருவாக்கியது எது?" என்றார்கள். கிண்ணத்தையும் சுவரையும் பற்றிச் சொன்னேன். ஒருவர் கனிவாக, "நல்லவேளை, இங்கே அதெல்லாம் இல்லை" என்றார். அந்தத் தமிழ்ச் சபையின் மூன்றாவது வாரத்தை விளக்கினேன். அறை அமைதியானது. என் பாலீர்ப்புக்கு அவர்களிடம் சொல் இருந்தது. என் சாதி அனுபவத்துக்கு நான்தான் சொல் கொடுக்க வேண்டியிருந்தது.

2022இல் அருட்பொழிவு பெற்றேன். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அந்தச் செய்தியை ஞாயிறு ஆராதனையில் சொன்னேன். சாதி என்றால் என்ன என்று ஆராதனைக்குப் பின் நின்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்காமல் வேகமாக வெளியே போன நம்மவர்களும் இருந்தார்கள்.

இளம் தோழர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். துணிச்சலான செயல்தான். சாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் நல்லது என்றும் அதில் இருந்தது. வானவில் கொடிக்குள்ளும் அகமணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதேபோல, சாதி ஒழிப்பு பேசும் நம் கூட்டங்களில் திருநர் தோழரையோ தன்பாலீர்ப்புத் தோழரையோ கேலி செய்து சிரித்துவிட்டு, "இது முக்கியப் பிரச்சினை இல்லை" என்று நகர்வதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை பேர் நம்மிடம் வராமலே போனார்கள் என்று நமக்குத் தெரியாது.

அருட்பொழிவு பற்றியும் துணைவர் பற்றியும் அம்மாவிடம் போனில் சொன்னேன். இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். துணைவரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஏல, ஒன் கோயில்ல கடைசி வரிசையில யாரு நிக்காவ?" என்று மட்டும் கேட்டார்.

அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை. அடுத்த ஞாயிறு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன். புதிதாக வந்த அகதிக் குடும்பம் ஒன்று அங்கே நின்றது. அவர்கள் பெயரைக்கூட அதுவரை நான் கேட்டிருக்கவில்லை.

எல்லோருக்கும் இடமுண்டு என்று எந்த அமைப்பு சொன்னாலும், நம் அமைப்பே சொன்னாலும், அம்மாவின் கேள்வியைக் கேளுங்கள்.